2010 நவம்பரில் கலிபோர்னியாக் கடலுக்கு மேல் கிளம்பியது ஏவுகணையா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும்: 2010 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கடற்கரைக்கு அப்பால் ஒரு ஏவுகணை கிளம்பியதை டிவி ஹெலிகாப்டர் படம் பிடித்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகன் முதலில் விளக்கம் இல்லை என்றது, அப்புறம் விமானம் என்றது. உண்மையில் அது என்ன? அரசாங்கம் எதையாவது மறைத்ததா?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அது விமானம்தான். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி கேட்பவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஏவுகணை விஷயத்தில் அரசுகள் பொய் சொன்னதற்கும், மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்ததற்கும் பதிவான சம்பவங்கள் நிறைய உண்டு. அந்த உண்மையான மறைப்புகள் எப்படி இருந்தன என்று தெரிந்தால்தான் 2010 சம்பவம் அந்த வகையில் சேராது என்பதும் புரியும்.

முதலில் நடந்தது என்ன? 2010 நவம்பர் 8, திங்கட்கிழமை மாலை 5 மணி வாக்கில், சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருந்த நேரம். கேசிபிஎஸ் தொலைக்காட்சியின் ஹெலிகாப்டர் வானத்தில் இருந்தது. ஒளிப்பதிவாளர் மேற்கே கேமராவைத் திருப்பியபோது, கடலிலிருந்து எழுந்தது போல ஒரு தடித்த புகைத்தூண் தெரிந்தது. அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல், உச்சியில் பளிச்சென்று ஒரு புள்ளி. சூரிய வெளிச்சம் பட்டு முழுத்தூணும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. கரையிலிருந்து சுமார் 35 மைல் தொலைவில், காட்டலினா தீவுக்கு வடக்கே ஏவப்பட்ட ஏவுகணை என்று செய்தி ஓடியது. அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். முன்னாள் பாதுகாப்புத் துறைத் துணைச் செயலர் ராபர்ட் எல்ஸ்வொர்த்திடம் ஒரு தொலைக்காட்சி அதைப் போட்டுக் காட்டியபோது, பெரிய ஏவுகணை போல இருக்கிறது, ஆசிய நாடுகளுக்கு அமெரிக்கா தன் பலத்தைக் காட்ட நீர்மூழ்கியிலிருந்து ஏவியிருக்கலாம் என்று அவரே ஊகம் சொன்னார். பதவியில் இருந்தவரே சொல்லிவிட்டார் என்றால் மக்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்?

இங்கே கண்ணை ஏமாற்றுவது தூரம். பெரிய ஜெட் விமானம் தரையிலிருந்து சுமார் 35,000 அடியில், அதாவது பத்தரை கிலோமீட்டருக்குச் சற்று மேலே பறக்கும். அந்த உயரத்தில் எஞ்சினிலிருந்து வரும் நீராவி உறைந்து பனித்துகளாகி வெள்ளைக் கோடாக நிற்கிறது. அந்தக் கோடு உங்கள் இடமிருந்து வலமாகப் போனால் யாருக்கும் குழப்பமே வராது. விமானம் உங்களை நோக்கியே வரும்போதுதான் சிக்கல். வீட்டு வாசலில் தலைக்கு மேலே போகும் மின்கம்பியைப் பாருங்கள். எல்லாக் கம்பத்திலும் அது ஒரே உயரத்தில்தான் போகிறது. ஆனாலும் தெருக்கோடியில் தரையைத் தொடுவது போலவும், அங்கிருந்து மேலே ஏறி உங்களிடம் வருவது போலவும் தெரியும். கடலுக்கு மேல் உங்களை நோக்கி வரும் விமானத்தின் கோடும் அப்படித்தான்.

கணக்கும் எளிதுதான். பூமியின் வளைவையும் சேர்த்துப் பார்த்தால், பத்தே முக்கால் கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம் 300 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும்போது கடல்மட்டக் கோட்டுக்கு மேலே 0.7 டிகிரியில் தெரியும். முழுநிலாவின் அகலம் அரை டிகிரி. அப்படியென்றால் விமானம் கிட்டத்தட்டக் கடலை ஒட்டியே தெரியும். அதே விமானம் 100 கிலோமீட்டருக்கு நெருங்கி வந்தால் சுமார் 5.7 டிகிரி உயரத்துக்கு வந்துவிடும். பார்ப்பவருக்கு அது கடலிலிருந்து கிளம்பி மேலே ஏறியிருக்கிறது. உண்மையில் ஓர் அடிகூட ஏறவில்லை. பழைய பகுதி காற்றில் கலைந்து பரவுவதால் அடிப்பக்கம் அகலமாகிறது. புதிய பகுதி மெல்லியதாக இருப்பதால் மேலே குறுகலாகத் தெரிகிறது. அடிவானத்துக்கு இறங்கிய சூரியன் கீழேயிருந்து வெளிச்சம் அடிப்பதால் தீயைக் கக்குவது போன்ற நிறம் வருகிறது. உச்சியில் மின்னிய புள்ளிக்கும் பெரிய மர்மம் வேண்டாம். அந்தி நேரத்தில் விமானத்தின் உலோக உடம்பில் பட்ட வெயிலே போதும்.

சரி, தோற்றம் ஒத்துப்போகிறது என்பதாலேயே விமானம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. என்னைப் பொறுத்தவரை வழக்கை முடித்துவைப்பது வேகம். 300 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டர் வரை வர, மணிக்கு 850 அல்லது 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஜெட்டுக்கு 13, 14 நிமிடம் ஆகும். டிரைடென்ட் போன்ற நீர்மூழ்கி ஏவுகணையோ கிளம்பிய இரண்டே நிமிடத்தில் நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். அந்த இரண்டு நிமிடத்துக்குள் அது வளிமண்டலத்தையே தாண்டியிருக்கும். 35 மைல் தூரத்தில் ஏவியிருந்தால் முதல் நிமிடத்திலேயே கழுத்தை அண்ணாந்து பார்க்கவேண்டி வந்திருக்கும். நவம்பர் 8 படத்தில் அந்தப் புள்ளி பல நிமிடங்கள் அடிவானத்தை ஒட்டியே ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த மெதுவான ஏற்றத்துக்கு எந்த ஏவுகணையும் பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. ராக்கெட் புகை பல உயரங்களைக் கடந்து போவது. ஒவ்வோர் உயரத்திலும் காற்று ஒவ்வொரு பக்கம் வீசுவதால், சில நிமிடங்களில் அந்தப் புகை கோணல்மாணலாக முறுக்கிக்கொள்ளும். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதலைச் சென்னையிலிருந்தோ பழவேற்காட்டிலிருந்தோ பார்த்தவர்களுக்கு இது தெரிந்த காட்சி. கலிபோர்னியாப் படத்தில் இருந்த தடம், ஒரே காற்றடுக்கில் கிடந்தது போல, ஒழுங்காகப் பரவிக்கொண்டே இருந்தது.

எந்த விமானம் என்று தேடியவர்களும் உண்டு. ஹவாயிலிருந்து கலிபோர்னியா பக்கமாக வரும் விமானங்கள் தினமும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதே பாதையில் வருகின்றன. விமானப் பாதைப் பதிவுகளைப் படத்தின் நேரத்தோடு ஒப்பிட்டவர்கள் இரண்டைச் சுட்டினார்கள். ஒன்று ஹொனலுலுவிலிருந்து பீனிக்ஸ் போன யுஎஸ் ஏர்வேஸ் 808, மற்றது யுபிஎஸ் சரக்கு விமானம் 902. இரண்டில் எது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. சதி என்று நம்புகிறவர்கள் இந்த வேறுபாட்டையே ஓட்டையாகக் காட்டுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில், அந்தத் திசையில், சரியான உயரத்தில் பொருந்துகிற விமானம் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது என்றுதான் அது காட்டுகிறது. பொருந்துகிற ஏவுகணை ஒன்றுகூட இல்லை. தவிர, இதே கடற்கரையில், 2009 டிசம்பர் 31 மாலையில், சான் கிளமென்டே ஊருக்கு அருகே இதேபோன்ற தடம் தெரிந்து, அதையும் ஏவுகணை என்று சிலர் நினைத்தார்கள். அந்தத் தோற்றப் பிழையைப் படங்களோடு விளக்கி எழுதியும் இருந்தார்கள். பத்து மாதம் கழித்து ஹெலிகாப்டர் கேமராவில் விழுந்ததால்தான் இது உலகச் செய்தியானது.

அடுத்து, கட்டப்பட்ட கதைகள். நவம்பர் 8 அன்று அதிபர் ஒபாமா டெல்லியில் இருந்தார், இந்திய நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். அந்த வாரமே சியோலில் ஜி20 மாநாடு. அமெரிக்க அதிபர் ஆசியாவில் இருக்கும் நேரம் பார்த்து, சீன நீர்மூழ்கி லாஸ் ஏஞ்சலஸ் வாசலிலேயே ஏவுகணை விட்டுக் காட்டியது என்பதுதான் அதிகம் பரவிய கதை. கேட்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் சீனாவின் புதிய நீர்மூழ்கிகளுக்காக உருவாகிக்கொண்டிருந்த ஜேஎல்-2 ஏவுகணை அப்போது படையிலேயே சேரவில்லை. சோதனைகளில் தோல்வி கண்டு தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. இதைப் பென்டகனின் ஆண்டறிக்கையே பதிவுசெய்திருந்தது. சீனாவின் பலத்தைக் குறைத்துச் சொல்வதில் பென்டகனுக்கு எந்த லாபமும் கிடையாது.

இதோடு இன்னொரு சம்பவத்தையும் முடிச்சுப் போட்டார்கள். அதே நவம்பர் 8 அன்று மெக்சிகோ கடலோரத்தில் கார்னிவல் ஸ்பிளெண்டர் என்ற சொகுசுக் கப்பல், ஏறக்குறைய 4,500 பேரோடு மின்சாரம் இல்லாமல் நடுக்கடலில் நின்றுவிட்டது. ரொனால்ட் ரீகன் விமானந்தாங்கிக் கப்பலைத் திருப்பிவிட்டு ஹெலிகாப்டரில் உணவு இறக்கினார்கள். பிறகு இழுவைக் கப்பல்கள் அதைச் சான் டியேகோவுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. சீன ஏவுகணையின் மின்காந்தத் துடிப்பு கப்பலின் மின்சாரத்தைச் செத்துப்போக வைத்தது, கடற்படை ஓடியதற்குக் காரணம் அதுதான் என்று கதை கட்டினார்கள். கப்பலில் தீப்பிடித்தது காலை 6 மணி வாக்கில். வானத்தில் தடம் தெரிந்தது மாலை 5 மணி வாக்கில். மாலையில் போன ஏவுகணை காலையில் கப்பலை நிறுத்த முடியாது. தீக்குக் காரணம் ஒரு டீசல் ஜெனரேட்டர் எஞ்சின் உடைந்தது என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை சொன்னது. எந்தச் சதிக்கதையைப் பார்த்தாலும் நான் முதலில் கடிகாரத்தைத்தான் பார்ப்பேன். பெரும்பாலான முடிச்சுகள் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

இப்போது உங்கள் கேள்வியின் கனமான பகுதிக்கு வருகிறேன்: பென்டகனின் நடத்தை. நவம்பர் 9 அன்று செய்தித் தொடர்பாளர் டேவ் லாப்பன் தங்களிடம் இன்னும் விளக்கம் இல்லை என்றார். வட அமெரிக்க வான் பாதுகாப்புக் கட்டளையகமான நோராட், நாட்டுக்கு ஆபத்து இல்லை, வெளிநாட்டு ராணுவம் ஏவியதாகத் தெரியவில்லை என்று அறிக்கை விட்டது. விமானப் போக்குவரத்து நிர்வாகம் தங்கள் ரேடாரில் வேகமாகப் போகும் அடையாளம் தெரியாத எதுவும் இல்லை என்றது. 10ஆம் தேதிதான், விமானத் தடம் தவிர வேறு எதுவுமாக இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று பென்டகன் சொன்னது.

மறைப்பு என்று பலர் காட்டுவது இந்த இரண்டு நாள் இடைவெளியைத்தான். எனக்கு அதில் தெரிவது அரசு இயந்திரத்தின் வழக்கமான மெத்தனம். அங்கே கேட்கப்பட்ட கேள்வி, நாம் ஏதாவது ஏவினோமா என்பது. கடற்படையைக் கேட்கவேண்டும், விமானப்படையைக் கேட்கவேண்டும், ஏவுகணைத் தடுப்பு நிறுவனத்தைக் கேட்கவேண்டும், கலிபோர்னியாவில் இருக்கும் வாண்டன்பர்க் ஏவுதளத்தைக் கேட்கவேண்டும். எல்லாரும் இல்லை என்று சொல்லி முடித்த பிறகுதான் தொடர்பாளர் வாயைத் திறக்க முடியும். டிவியில் ஓடிய அந்தத் தடம் என்ன என்று சொல்வது அவர்களில் யாருடைய வேலையும் இல்லை. மறைக்க நினைக்கிற அரசு விளக்கம் இல்லை என்று ஒப்புக்கொள்ளாது. வழக்கமான பயிற்சி என்று ஒரே வரியில் முடித்துவிடும். ஆனாலும் இதில் அவர்கள் செய்தது தவறு. விமானப் பாதைப் பதிவை எடுத்துவைத்து, இந்த விமானம், இந்த நேரம், இந்த இடம் என்று ஒரு வரைபடம் காட்டியிருந்தால் போதும். அதை அவர்கள் செய்யவேயில்லை. ஆர்வலர்கள்தான் அந்த வேலையைச் செய்தார்கள். மக்களின் பயத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அரசு தட்டிக்கழித்தால், அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும். அதற்கு மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உண்மையான மறைப்புக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1977 செப்டம்பர் 20 அதிகாலையில் சோவியத் ஒன்றியத்தின் பெட்ரோசவோட்ஸ்க் நகர வானத்தில் ஒரு பிரம்மாண்டமான ஒளி தோன்றி, ஜெல்லி மீன் போல ஒளிக்கற்றைகளைக் கீழே தொங்கவிட்டது. ஊரே பார்த்தது. சோவியத் பத்திரிகையிலேயே செய்தி வந்தது. ஆனால் விளக்கம் வரவில்லை. வரவும் முடியாது. காஸ்மோஸ்-955 என்ற செயற்கைக்கோள் அன்று பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து கிளம்பியிருந்தது. அப்படி ஒரு தளம் இருப்பதையே அரசு ஒப்புக்கொண்டது கிடையாது. 1983இல்தான் ஒப்புக்கொண்டது. தன் மக்கள் கண்ணால் கண்டதற்கு விளக்கம் சொல்ல வேண்டுமானால் ஒரு ரகசிய ராணுவத் தளத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அதனால் வேற்றுக்கிரகக் கதைகள் ஓடட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. அந்த ரகசியத் தளம், இந்த ஒளி தோன்றுவதற்குப் பதினொரு ஆண்டு முன்பே அம்பலமாகியிருந்தது. இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊர்ப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரியும் அவருடைய மாணவர்களும் சாதாரண ரேடியோ வாங்கியை வைத்து சோவியத் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த நிமிடத்தில் சமிக்ஞை வருகிறது, எப்போது மறைகிறது என்று எழுதிவைத்து, அதிலிருந்து சுற்றுப்பாதையைக் கணக்கிடுவது அவர்கள் வழக்கம். 1966 மார்ச்சில் கிளம்பிய காஸ்மோஸ்-112இன் பாதை, அதுவரை தெரிந்த பைக்கோனூர் தளத்தோடு பொருந்தவில்லை. பூமத்திய ரேகைக்கு அதன் சாய்வு 72 டிகிரி. பைக்கோனூரிலிருந்து போனவற்றில் அந்தச் சாய்வு இருந்ததில்லை. இன்னும் சில ஏவுதல்களுக்குக் காத்திருந்து, பாதைகளைப் பூமியில் வரைந்து பார்த்தபோது கோடுகள் ரஷ்யாவின் வடக்கே ஓரிடத்தில் வந்து சந்தித்தன. அதுதான் பிளெசெட்ஸ்க். அந்த ஆண்டு முடிவதற்குள் அதை வெளியே அறிவித்துவிட்டார்கள். வல்லரசின் ராணுவ ரகசியத்தைப் பள்ளி மாணவர்கள் பென்சிலும் தாளும் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஏவுதல் என்ற செயலில் மறைக்கவே முடியாத ஒரு பகுதி உண்டு. வானத்துக்குப் போனது எங்கிருந்து போனது என்பதை அதன் பாதையே சொல்லிவிடும்.

நார்வேயில் நடந்தது இன்னும் அண்மைக்காலம். 2009 டிசம்பர் 9 காலையில் அந்நாட்டின் வடபகுதி வானத்தில் ஒரு நீல ஒளியும், அதைத் தொடர்ந்து கச்சிதமான ஒரு வெள்ளைச் சுருளும் தெரிந்தன. மறுநாள் ஆஸ்லோவில் ஒபாமாவுக்கு நோபல் அமைதிப் பரிசு. டிரோம்சோ அருகே இருக்கும் வளிமண்டல ஆய்வு ஆன்டெனாக்கள்தான் வானத்தைக் கிழித்தன என்றார்கள் சிலர். ரஷ்யக் கடற்படை முதலில் தாங்கள் எதையும் ஏவவில்லை என்றது. அடுத்த நாள் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் உண்மையைச் சொன்னது: வெள்ளைக் கடலில் டிமித்ரி தோன்ஸ்கோய் நீர்மூழ்கியிலிருந்து ஏவிய புலாவா ஏவுகணையின் மூன்றாம் கட்ட எஞ்சின் கோளாறாகிவிட்டது. கட்டுப்பாடு இழந்து சுழன்ற ஏவுகணை பக்கவாட்டில் வாயுவைப் பீய்ச்சியதால் வந்த சுருள் அது. ஏவுவதற்கு முன்பே அந்தக் கடற்பகுதிக்கு எச்சரிக்கை அறிவிப்பும் வெளியாகியிருந்தது. பொய் ஒரு நாள்தான் தாங்கியது.

ஜனநாயக நாடுகளும் விதிவிலக்கு இல்லை. 2016 ஜூனில் பிரிட்டனின் வெஞ்சன்ஸ் நீர்மூழ்கி, ஃபுளோரிடா கடலில் ஆயுதமில்லாத டிரைடென்ட் ஒன்றை ஏவிப் பார்த்தது. அது பாதை தவறியது. அடுத்த மாதம், ஜூலை 18 அன்று, டிரைடென்ட் நீர்மூழ்கிகளைப் புதுப்பிப்பதா என்று நாடாளுமன்றம் வாக்கெடுத்தது. 472 பேர் ஆதரவு, 117 பேர் எதிர்ப்பு. வாக்களித்தவர்களுக்குச் சோதனை தோற்றது சொல்லப்படவில்லை. 2017 ஜனவரியில் சண்டே டைம்ஸ் அதை வெளியிட்ட பிறகு, பிபிசி பேட்டியில் பிரதமர் தெரசா மேவிடம் முன்பே தெரியுமா என்று நான்கு முறை கேட்டார்கள். நான்கு முறையும் நேரான பதில் இல்லை. சதிக்கதையை விட இது எனக்கு அதிகக் கோபம் தருகிறது. ஏனென்றால் இங்கே மறைக்கப்பட்டது ஒரு வாக்கெடுப்புக்குத் தேவையான தகவல்.

நம் பக்கத்திலும் ஒன்று. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து கைதவறிப் போன பிரம்மோஸ் ஏவுகணை, பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீட்டர் போய் மியான் சன்னு அருகே விழுந்தது. நல்லவேளையாக அதில் வெடிபொருள் இல்லை. மறுநாள் மாலை பாகிஸ்தான் ராணுவம் வரைபடத்தோடு செய்தியாளர்களைச் சந்தித்தது. அதற்கும் மறுநாள், 11ஆம் தேதிதான், பராமரிப்பின்போது தொழில்நுட்பக் கோளாறால் தவறுதலாகப் போய்விட்டது என்று இந்தியா அறிவித்தது. ஆகஸ்டில் மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

இந்தச் சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசுகள் மறைத்தது தோல்வியை, தவறை, தளத்தின் இருப்பிடத்தை, யார் பொறுப்பு என்பதை. ஒரு பெருநகரத்தின் கண்முன் ஏவிவிட்டு, ஏவவே இல்லை என்று ஆண்டுக்கணக்கில் சாதித்த சம்பவம் இதில் எதுவும் இல்லை. உண்மையை வெளியே கொண்டுவந்ததும் பெரும்பாலும் எதிர்த்தரப்போ, பத்திரிகையோ, கணக்குப் போடத் தெரிந்த பொதுமக்களோதான். 2010 சம்பவத்துக்கு இத்தனை ஆண்டாகியும் அப்படி ஓர் ஆதாரமும் வரவில்லை. ரஷ்யாவிடம் ஏவுதலின் வெப்பத்தைக் கண்டுபிடிக்கும் செயற்கைக்கோள்களும் ரேடார்களும் இருக்கின்றன. அமெரிக்காவை அவமானப்படுத்த அதைவிட நல்ல வாய்ப்பு கிடைத்திருக்காது.

அதோடு, அறிவிக்காமல் ஏவுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை வல்லரசுகள் அனுபவித்தே தெரிந்துகொண்டவை. 1988 ஒப்பந்தப்படி, கண்டம் தாண்டும் ஏவுகணையோ நீர்மூழ்கி ஏவுகணையோ ஏவுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வாஷிங்டனும் மாஸ்கோவும் ஒன்றுக்கொன்று சொல்லியாக வேண்டும். 1995 ஜனவரி 25 அன்று நார்வேயின் ஆண்டோயாவிலிருந்து வட ஒளியை ஆராய ஓர் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. நார்வே முன்கூட்டியே ரஷ்யாவுக்குச் சொல்லியிருந்தது. ஆனால் அந்தத் தகவல் ரேடார் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அமெரிக்க நீர்மூழ்கி ஏவுகணையாக இருக்குமோ என்ற பயத்தில் அணுஆயுதத் தாக்குதலுக்கு உத்தரவிட ரஷ்ய அதிபர் யெல்ட்சினிடம் இருந்த பெட்டியைத் திறக்கும் அளவுக்குப் போனது. சில நிமிடங்களில் ராக்கெட் ரஷ்யாவை நோக்கி வரவில்லை என்று தெரிந்து அடங்கினார்கள். ஓர் ஆய்வு ராக்கெட்டுக்கே அந்தப் பாடு என்றால், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் யாரிடமும் சொல்லாமல் ஒன்றை ஏவுவதன் விளைவு என்னவாக இருக்கும் என்று ராணுவத்துக்கு நன்றாகவே தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகும் மக்களுக்குச் சந்தேகம் வருவதன் வேர் எங்கே என்பதையும் சொல்லவேண்டும். 1988 ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரான் ஏர் 655 பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 290 பேரைக் கொன்றது. அந்த விமானம் வழக்கமான வான்பாதைக்கு வெளியே கீழிறங்கி வந்தது என்று அமெரிக்கா முதலில் சொன்ன இரண்டுமே பொய்யாகிப்போயின. விமானம் பாதைக்குள்தான் இருந்தது, மேலே ஏறிக்கொண்டிருந்தது. எட்டு ஆண்டு கழித்து, 1996 ஜூலை 17 அன்று, நியூயார்க் அருகே டிடபிள்யூஏ 800 வெடித்து 230 பேர் இறந்தபோது, கடற்படை ஏவுகணைதான் என்று பலர் நம்பியதை இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. நான்கு ஆண்டு விசாரணையின் முடிவு வேறு: நடு இறக்கை எரிபொருள் தொட்டியில் இருந்த ஆவி தீப்பற்றி வெடித்தது. அந்த முடிவை நான் ஏற்கிறேன். கடலிலிருந்து எடுத்த துண்டுகளைச் சேர்த்து விமானத்தின் உடலை மறுபடி நிறுத்திக் காட்டினார்கள். எரிபொருள் தொட்டிகளைப் பாதுகாக்கும் புதிய விதியும் பிறகு வந்தது.

உண்மையாகவே ஏவினால் எப்படி இருக்கும் என்பதற்கு அதே கலிபோர்னியாவில் சாட்சி உண்டு. 2015 நவம்பர் 7, சனிக்கிழமை மாலை இருட்டிய பிறகு, அமெரிக்கக் கடற்படையின் கெண்டக்கி நீர்மூழ்கி ஆயுதமில்லாத டிரைடென்ட் ஒன்றை ஏவியது. பிரகாசமான ஒரு புள்ளி விரைந்து ஏறி, மேலே போனதும் நீலமும் வெள்ளையுமாக ஒரு பெரிய விசிறியாக விரிந்தது. காற்று மெலிந்த உயரத்தில் புகை தடையில்லாமல் பரவும்போது வரும் வடிவம் அது. கீழே இருட்டு, மேலே இன்னும் வெயில் இருந்ததால் அது ஒளிர்ந்தது. அன்றைக்கும் வேற்றுக்கிரகவாசி என்று இணையம் அலறியது. ஆனால் அன்று இரவே கடற்படை ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே ராணுவப் பயிற்சி காரணமாக லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்கு வரும் இரவு விமானங்கள் பாதை மாற்றப்பட்டது செய்தியாகியிருந்தது. நவம்பர் 9 அன்று இரண்டாவது ஏவுகணையும் போனது. 2010இல் இதில் எதுவும் இல்லை: பாதை மாற்றம் இல்லை, எச்சரிக்கை இல்லை, விசிறி இல்லை. அந்த வாரம் உண்மையாகக் கிளம்பிய ராக்கெட் ஒன்று உண்டு. நவம்பர் 5 இரவு வாண்டன்பர்க்கிலிருந்து ஓர் இத்தாலியச் செயற்கைக்கோளுடன் டெல்டா 2 போனது. அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட ஏவுதல்.

நீங்களே ஒருநாள் இப்படி ஒன்றைப் பார்த்தால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் நேரத்தையும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அந்தப் பொருள் ஒரு முஷ்டி உயரம் ஏற எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் இருக்கும் கட்டடமோ மரமோ சேர்ந்து தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள், பெரிதாக்கி மட்டும் எடுக்காதீர்கள். அப்புறம் விமானங்களைக் காட்டும் செயலியில் அந்த நேரத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே விமானம் இல்லையென்றால் நோட்டாம் எனப்படும் விமானிகளுக்கான அறிவிப்புகளைத் தேடுங்கள். ஏவுகணை சோதனைக்கு முன்னால் வங்காள விரிகுடாவில் எந்தப் பகுதி, எந்தத் தேதிகளில் மூடப்படும் என்று அதில் வரும். 2022 டிசம்பர் 15 மாலை மேற்கு வங்கத்திலும் ஒடிசாவிலும் மக்கள் வானத்தில் மர்ம ஒளி என்று படம் எடுத்துப் போட்டது நினைவிருக்கலாம். அன்று மாலை அப்துல் கலாம் தீவிலிருந்து அக்னி-5 ஏவப்பட்டிருந்தது. அதற்கான கடல் எல்லை, தேதி எல்லாம் நோட்டாமில் முன்பே வந்திருந்தன.